டிகிரி அக்காவும் திருநீறு போட்ட பாலும்

பால் வாங்கும் வேலைக்கு வந்தால் முதலில் கெட்டுப்போவது பால் இல்லை, நம் மூக்கு. கல்யாண வீட்டில் பாயசம் கொடுத்தால்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவேன். என் நாத்தனார் வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, தங்கள் மேல் ஏதோ சந்தேகப்படுகிறேன் என்று மூன்று தீபாவளிக்கு என்னோடு பேசவில்லை. உங்களில் யாராவது சொசைட்டியிலோ பால் பூத்திலோ வேலை பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை பெரும்பாறைக்குக் கீழே, ரோட்டோரத் தகரக் கொட்டகையில். சுற்றுவட்டார வீடுகளில் வெள்ளனே கறக்கும் பால் என்னிடம் வரும். அதைச் சோதித்து, பெரிய கேன்களில் ஊற்றி, அழகர் ஓட்டும் வேனில் ஏற்றி, நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, வத்தலக்குண்டு பக்கம் இருக்கும் குளிரூட்டும் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மேலே ஸ்வெட்டர், கீழே வியர்வை. ஒவ்வொரு வளைவு இறங்கும்போதும் சூடு ஏறும். பால் திரிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பாலுக்கும் எங்களுக்கும் தினமும் ஓட்டப்பந்தயம்தான்.

பாலின் கெட்டியைப் பார்க்கும் கண்ணாடிக் கருவியை ஊரில் 'டிகிரி' என்பார்கள். அதைக் கையில் வைத்திருப்பதால் நான் டிகிரி அக்கா. காலேஜ் வாசலை நான் மிதித்ததே இல்லை. என்னோடு பள்ளியில் படித்து எம்.ஏ. முடித்த கோமதியை ஊரில் இன்னமும் வெறும் கோமதி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் வேனுக்கு 'மலை லைன்' என்று பெயர். இத்தனை வளைவு சுற்றி இவ்வளவு கொஞ்சம் பாலா என்று கீழே நிலையத்தில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. லைனை நிறுத்திவிட்டால் எங்கள் ஆட்கள் பாலை விற்க வேறு வழி கிடையாது. அதிலும் பாக்கியத்தை நினைத்தால் எனக்குப் பக்கென்றிருக்கும். அவள் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தவள். முழங்கால் தேய்ந்து, சரிவில் நிற்க முடியாமல் போனபிறகு இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கிறாள். வேன் நின்றால் அவள் மறுபடி அந்தச் சரிவில்தான் ஏற வேண்டும். அந்தக் காலோடு அது நடக்காது.

மேகம் மேய்ந்த மாடு

சின்னச்சாமி அண்ணனுக்கு ஆரஞ்சுத் தோட்டத்து ஓரமாக வீடு. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அவர் கொண்டுவந்த பாலில் டிகிரியை விட்டேன். நல்ல பாலில் அது மிதந்து நிற்கும். அன்றைக்கு அது கிணற்றில் விழுந்த சொம்பு மாதிரி உள்ளே போய்விட்டது.

"அண்ணே, தண்ணி கலந்தீகளா?" என்றேன். காதைப் பொத்திக்கொண்டார். அந்த வார்த்தையைக் கேட்டதே பாவம் என்பது மாதிரி. கேனைக் குளிர்ச்சிக்காக ஓடையில் வைத்திருந்தேன் என்றார். பாலைக் குளிர வையுங்கள் என்று சொன்னதே நான்தான், அதனால் அதைக் குறை சொல்ல முடியவில்லை. மூடி எங்கே என்றேன். மூடியும் குளிரட்டும் என்று கழற்றித் தனியாக வைத்திருக்கிறார். மேலே மழை, கீழே ஓடை, நடுவில் திறந்த கேன். ஆனாலும் அவர் ஓடையையும் விட்டுக்கொடுக்கவில்லை, மழையையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் குற்றத்தை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் தெரியுமா?

"ஒரு வாரமா மூடுபனியிலதான் தாயி மாடு மேயுது. மேகத்த மேஞ்ச மாடு மேகமாத்தான கறக்கும்?"

ஊசி போட்ட இடம்

அதே அண்ணன், அதே மாடு. மடி வீங்கி, டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். தான் சொல்லும் வரைக்கும் இந்தப் பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். அண்ணனும் தலையைத் தலையை ஆட்டினார். மறுநாள் வெள்ளனே முதல் ஆளாகக் கேனோடு வந்து நிற்கிறார்!

மருந்து பாலில் இறங்கும், அந்தப் பாலைப் பச்சைப் பிள்ளை குடிக்கும், ஒரு வாளிப் பால் முழுக் கேனையும் கெடுக்கும், வேனையே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி எனக்கே மாட்டைப் பற்றிப் பாடம் நடத்தினார். அவரே அந்தப் பாலைத் தென்னைக்குழியில் கொட்டும் வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கொட்டும்போதும் அவர் வாய் நிற்கவில்லை.

"ஊசி போட்டது பின்னந்தொடையில. நான் கறந்தது மடியில. ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டுத் தூரம் கெடக்கு!"

பூண்டுப் பால்

அழகர் நல்ல டிரைவர். இல்லை என்று யாருக்கும் சொல்லத் தெரியாதவன் என்பதுதான் அவனுக்கு வியாதி. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அவன் மட்டும் வேனை எடுத்துக்கொண்டு போனான். வழியில் அவனுடைய மச்சான் மலைப்பூண்டு ஏற்றி வந்த வண்டி அச்சு முறிந்து நிற்கிறது. சந்தைக்கு நேரமாகிறது மாப்ளே என்று மச்சான் சொன்னால் அழகர் என்ன செய்வான்? மூட்டைகளைத் தூக்கிக் கேன்களுக்கு நடுவில் அடுக்கிவிட்டான். கேன் மூடிகள் ஆடின. ஆடக்கூடாது என்று பூண்டுச் சாக்கையே கிழித்து மூடிக்கு உள்ளே கொடுத்து இறுக்கியும் விட்டான்.

பால் பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது தொழிலில் இருக்கிற நமக்குத் தெரியும். நிலையத்தில் மூடியைத் திறந்ததும் அந்த இடமே ரசம் கொதிக்கும் அடுப்படி ஆகிவிட்டது. மேனேஜர் பழனிக்காரர். அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் வேலை பார்க்கும் குடும்பம். நெற்றியில் திருநீற்றுப் பட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் நெற்றி சுருங்கி மூன்று பட்டையும் ஒரே கோடாகிவிடும். அன்றைக்கு ஒரே கோடுதான். மொத்தப் பாலும் ரிட்டன். "உங்கக்காட்ட சொல்லு, மலை லைன்ல இன்னொரு ரிட்டன் வந்துச்சு, லைனையே எடுத்துருவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

ரிட்டன் ஆன பாலை என்ன செய்வதென்று தெரியாமல் அழகர் பஸ் ஸ்டாண்டில் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். டீக்கடை பாய் கூப்பிட்டு முகர்ந்து பார்த்தார். அப்படியே வாங்கி, காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு, வாசலில் 'வாயுவுக்குப் பூண்டுப் பால்' என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார். மதியத்துக்குள் பாத்திரத்தின் அடி தெரிந்துவிட்டதாம். மறுநாள் நன்றி சொல்லப் போன என்னிடம் பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தங்கச்சி, நாளைக்கு ரெண்டு மூட்டை இஞ்சி ஏத்தச் சொல்லும்மா."

வாசம்

மேனேஜரின் எச்சரிக்கை ஊருக்குள் பரவியதும் எல்லாருக்கும் திடீரென்று சுத்தம் வந்துவிட்டது. மேனேஜரே ஒருநாள் மேலே ஏறி வந்து கொட்டகை வாசலில் வகுப்பு எடுத்தார். கையைக் கழுவு, மடியைத் துடை, முதலில் பீச்சும் பாலைத் தரையில் விடு, பாத்திரத்தை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வை. எல்லாரும் தலையாட்டினார்கள். பாக்கியம் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அவளுக்குத்தான் பயம் அதிகம்.

மறுநாள் அவள் வாளியை என் முன்னால் வைத்தாள். பாலுக்கு மேல் ஒரு முழத்துக்கு நுரை. இப்போது கறந்தது போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு குனிந்தால், பாலில் இருந்து மல்லிகைப் பூ வாசம் வருகிறது! துணி துவைக்கும் பவுடரைப் போட்டு வாளியை விடிய விடியத் தேய்த்திருக்கிறாள். அலசினால் வாசம் போய்விடுமே என்று அலசாமல் விட்டிருக்கிறாள். கேனில் ஊற்றுவதற்குள் பிடித்துவிட்டேன், இல்லாவிட்டால் அன்றைக்கே லைன் முடிந்திருக்கும். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

"பூண்டு வாசம் வந்தாத்தானக்கா தப்பு? இது மல்லியப்பூ வாசம்க்கா."

இந்த மாடு எவ்வளவு கறக்கும்?

பாதி மலையில் ஒரு காட்டுமாடு ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கறுத்துப்போய், எங்கள் வேனைவிட அகலமாக. ஹாரன் அடித்தால் பாய்ந்தாலும் பாயும். அழகர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கும்பிட்டான். அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசைபோட ஆரம்பித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் கேன்களுக்குள் என்ன நடக்கும் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு சுற்றுலாக் கார் வந்து நின்றது. வெளியூர்க் குடும்பம். அந்த வீட்டுக்காரர் இறங்கி வந்து செல்போனைத் தூக்கிக்கொண்டு மாட்டை நோக்கி நடக்கிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், வேனில் இருக்கிற பால் கேன்களைப் பார்த்தார், மறுபடி காட்டுமாட்டைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காட்டுமாடு தானாக மனம் இரங்கிக் காட்டுக்குள் போய், நாங்கள் பறந்து போய்ப் பாலைச் சேர்த்து, அது திரியாமல் இருந்தது எல்லாம் எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அந்த மனிதர் கையை விடுவித்துக்கொண்டு மரியாதையோடு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது:

"சாரிங்க, உங்க மாடுன்னு தெரியாது. ஒரு நாளைக்கு எவ்வளவு கறக்கும்?"

ரோஜா நிறம்

புளிப்பு ஏறிய பாலை மறைக்கச் சிலர் சோடா உப்பு கலப்பது உண்டு. அதைக் கண்டுபிடிக்க நிலையத்தில் ஒரு மருந்து இருக்கிறது. சோதனைக் குழாயில் கொஞ்சம் பாலை எடுத்து மருந்தை விட்டால், நல்ல பால் மங்கலான ஆரஞ்சாக நிற்கும். சோடா கலந்திருந்தால் ரோஜா நிறம் ஆகிவிடும். அன்று கார்த்திகை. மேனேஜர் விரதம். எங்கள் முதல் கேன் ரோஜா. அடுத்ததும் ரோஜா. கடைசிக் கேன் வரைக்கும் பூங்கா மாதிரி வரிசையாக ரோஜா.

"யாரும்மா சோடா போட்டது?" என்றார் மேனேஜர். நெற்றியில் ஒரே கோடு. "அன்னைக்குப் பூண்டு, இன்னைக்குச் சோடா. உங்க லைன் முடிஞ்சுபோச்சும்மா." மேலே கொட்டகையில் நான் பார்த்தபோது பால் சுத்தமாக இருந்தது என்று சத்தியம் செய்தேன். யார் காதில் விழும்? பாக்கியத்தின் முழங்கால்தான் கண் முன்னால் வந்து நின்றது. கடைசி முயற்சியாகக் கரண்டியை விட்டு ஒரு கேனின் அடியைத் துழாவினேன். சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி ஒன்று வந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தேன். கெட்டுப்போன மூக்குதான், ஆனால் இதில் ஏமாறாது. பேசாமல் விரலை மேனேஜரிடம் நீட்டினேன். அவர் குனிந்தார். ஒரே கோடாக இருந்த நெற்றி மெல்ல மூன்று பட்டையாகப் பிரிந்தது. "இது நம்ம பழனித் திருநீறுல்ல!" என்றார்.

காலையில் பாக்கியம் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தது நினைவுக்கு வந்து, எனக்கு உடனே பொறி தட்டியது. பாக்கியத்துக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தேன். ஆமாம், நேற்று பழனிக்குப் போய்விட்டு வந்தாளாம். அந்தக் காலோடு படியேறி, லைன் நிற்கக் கூடாது, பால் திரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டாளாம். காவடியில் கொண்டுபோகும் பால் எத்தனை தூரம் நடந்தாலும் திரிவதில்லை அல்லவா, அந்த நம்பிக்கை. காலையில் நான் டிகிரி பார்த்து முடித்து, வேனில் ஏற்றுவதற்குள் யாருக்கும் தெரியாமல் கேன்களில் போட்டிருக்கிறாள். சாணத்தைச் சுட்ட அசல் சாம்பல். சோடாவைப் போலவே அதுவும் மருந்தை ரோஜா நிறமாக்கும் என்பது பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கேனிலும் ஏன் போட்டாய், உன் பாலோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்றேன். எனக்கு மட்டும் போட்டுக்கொண்டால் சாமி என்ன நினைப்பார் என்றாள். அதோடு விட்டாளா? பக்கத்தில் மேனேஜர் நிற்பது தெரியாமல் எனக்குத் தைரியம் சொன்னாள்:

"கொஞ்சமாப் போட்டுட்டேனோன்னு பயப்படாதீகக்கா. கேனுக்கு ஒரு கை நெறையப் போட்டிருக்கேன்."

திரும்பாத பால்

மேனேஜரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாலை அவர் வாங்கவில்லை. "முருகன் பேரச் சொல்லிப் போட்டாலும் கலப்படம் கலப்படம்தாம்மா, இதப் பிள்ளைகளுக்கு அனுப்ப முடியாது" என்றார். ஆனால் கெட்ட பாலைச் சாக்கடையில் கொட்டுவதற்கு ஆள் வந்து கேனில் கையை வைத்ததும், "ஏலே, தொடாத!" என்று ஒரு சத்தம் போட்டார். தன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அதைப் பார்த்து நாங்களும் கழற்றினோம். கேன்களைச் சுற்றி எல்லாரும் வெறுங்காலோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். வாங்கவும் முடியாது, கொட்டவும் முடியாது.

எப்போதும் உதவிக்கு முந்தும் அழகர்தான் வாயைத் திறந்தான். "அப்ப மேலயே திருப்பி ஏத்திட்டுப் போயிரவா சார்?" மேனேஜர் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "பழனிப் பிரசாதத்தை வேணாம்னு திருப்பி அனுப்பின கை எங்க வம்சத்துல கெடையாதுலே!" கடைசியில் அவரே வேனின் முன்சீட்டில் ஏறி, ரோட்டோரத்தில் இருக்கும் சின்ன முருகன் கோயிலுக்கு விடச் சொன்னார். கார்த்திகை அபிஷேகத்துக்குப் பாலை எதிர்பார்த்துக்கொண்டிருந்த குருக்கள், இத்தனை கேனைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஒரு சொம்பு எடுத்துப் பார்த்தவர், "பாலாபிஷேகம், விபூதி அபிஷேகம் ரெண்டையும் ஒண்ணாவே கரைச்சுக் கொண்டுவந்துட்டேளே!" என்றார்.

அன்றைக்கு அந்தச் சின்ன முருகன் குளிர்ந்ததுபோல எந்தக் கார்த்திகைக்கும் குளிர்ந்திருக்க மாட்டார். எனக்குச் சாமி கும்பிட மனம் நிற்கவில்லை. வெளியே வரும்போது பயந்து பயந்து கேட்டேன்: "சார், இது ரிட்டன்தானே? லைன்...?" மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். நாளைக்கும் ரோஜா நிறம் வந்தால் முருகனே நேரில் வந்து சொன்னாலும் கேட்க மாட்டேன் என்றார். அப்புறம் சொன்னார்:

"ரிட்டன்னா வந்த எடத்துக்குத் திரும்பணும்மா. இது எங்க திரும்புச்சு? போக வேண்டிய எடத்துக்குல்ல போயிருக்கு."

பட்டை போட்ட கேன்கள்

வேனில் ஏறும்போதே பாக்கியத்தை என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டுவது என்று தயார் செய்துகொண்டுதான் ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று கிடைத்தது. கொட்டகைக்கு வந்தால், போன் வைத்த நேரத்தில் இருந்து அவள் ரோட்டிலேயே நிற்கிறாள். சாப்பிடவில்லை. படியேறிய முழங்கால் வீங்கி, துணியைச் சுற்றியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் நான் சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் ஒத்திவைத்தேன். லைன் நிற்கவில்லை என்று மட்டும் முதலில் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் திட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. பாலுக்குள் மாட்டில் இருந்து வந்ததைத் தவிர வேறு எதுவும் விழக் கூடாது, சாமி கொடுத்ததாக இருந்தாலும் விழக் கூடாது என்று கத்தினேன். பக்தியைக் கேனுக்கு வெளியே வைத்துக்கொள் என்றேன். அதை அவள் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது மலை லைன் கேன் ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம் மூன்று பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு. நிலையத்தில் எங்கள் கேன்களை இறக்கும்போது மேனேஜர் அவற்றைப் பார்த்து லேசாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பால் சோதனையில் தினமும் தவறாமல் ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறது. ஆனால் அன்றைக்கு நான் கத்தி முடித்ததும் பாக்கியம் தரையில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"நான் போட்ட திருநீறுதானக்கா லைனக் காப்பாத்துச்சு? பொறவு எதுக்கு என்னைய வையிறீக?"

தண்ணீர், சோடா, சோப்பு, பூண்டு என்று பாலில் எது கலந்தாலும் என்னால் கண்டுபிடித்துவிட முடியும், ஆனால் அவள் கேட்டதில் எவ்வளவு தப்பு கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லத்தான் என் கொட்டகையில் மருந்து கிடையாது.